குற்றாலத்தில் வார வாடகை வீடு: இருவருக்குத் தகுமா?

சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு பிடித்து ஒரு வாரம், பத்து நாள் தங்குவது நெல்லைச் சீமையில் பழைய வழக்கம். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. போல அங்கேயே வந்து குடியேறிவிட்டவர்களும் உண்டு. குடும்பம் குடும்பமாக எடுக்கிற இந்த வீடுகளைக் கணவன் மனைவி இருவர் மட்டும் எடுத்தால் கொடுக்கிற காசுக்குத் தகுமா என்றால், தகும். ஆனால் சனி, ஞாயிறை அருவிக்கு என்று ஒதுக்கக் கூடாது. சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை குற்றாலம் வெளியூர்க்காரர்களுடையது. வாரம் முழுக்க அங்கே இருப்பவர்கள் அந்த ஒரு நாளை அவர்களுக்கு விட்டுவிட்டு, வீட்டையும் சுற்றுவட்டாரத்தையும் அனுபவிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

முதலில் வீடு. மெயின் அருவிக்கு நடக்கிற தூரத்தில் லாட்ஜ் அறை எடுத்தால் சனிக்கிழமை இரவு தூக்கம் கிடைக்காது. ஹாரன் சத்தம் விடிய விடியக் கேட்கும். மேலகரம், நன்னகரம், இலஞ்சி பக்கம் வீடாக எடுப்பது மேல். தென்காசி - குற்றாலம் டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது, ஆட்டோவும் கிடைக்கும். வார வாடகை பேசும்போதே “சனி ஞாயிறும் இதிலேயே அடக்கம்” என்று சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். வார இறுதியில் வாடகை ஏறும் ஊர் அது. பேசாமல் விட்டால் கடைசி நாளில் கணக்கு இடிக்கும்.

வீட்டைப் பார்க்கும்போது ஓனர் ஹாலையும் டிவியையும் காட்டுவார். நீங்கள் மேற்கு ஜன்னலைப் பாருங்கள். சாரல் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்து ஜன்னல் சரியாக மூடவில்லை என்றால் ராத்திரிக்குள் மெத்தை நனைந்துவிடும். மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை இருந்தால் வேறு வீடு பார்ப்பது நல்லது, ஏனென்றால் சீசன் முடியும்வரை அது காயாது. சமையலறை ஜன்னலுக்குக் கம்பி மட்டும் போதாது, வலை வேண்டும். குட்டிக் குரங்கு கம்பிக்குள் நுழைந்து வெளியே நிற்கிற தாய்க்கு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்துவிடும்.

துணி காயப்போடும் இடம்தான் எல்லோரும் கேட்க மறக்கிற விஷயம். சாரல் நாளில் வெளியே போட்ட துணி காலையைவிட மாலையில் அதிகம் ஈரமாக இருக்கும். மொட்டை மாடிக் கொடி எதற்கும் ஆகாது. கூரை போட்ட வராண்டா, இல்லையென்றால் ஃபேன் உள்ள ஓர் உபரி அறை, அதில் குறுக்கே கட்ட பத்து மீட்டர் நைலான் கயிறு. ஆளுக்கு நாலு துண்டு கொண்டு போங்கள், பருமனான டர்க்கி டவல் வேண்டாம். மெல்லிய காட்டன் ஈரிழைத் துண்டு ஃபேனுக்கடியில் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். உப்பு, சர்க்கரை, தீப்பெட்டி மூன்றும் மூடி இறுக்கமான டப்பாவில் இருக்கட்டும்.

அருவிக்குப் போக நல்ல நேரம் சனிக்கிழமை விடியுமுன், நாலரை மணி வாக்கில். வெள்ளி ராத்திரி வந்தவர்கள் அப்போதுதான் தூங்கப் போயிருப்பார்கள். மெயினில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்பதைப் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் பலர் அங்கே போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஐந்தருவியிலும் அப்படித்தான் பிரித்திருக்கிறது. அதனால் போனை வீட்டில் வைத்துவிட்டு, சாவியை ஊக்கில் கோத்து உள்பக்கம் குத்திக்கொண்டு, குளித்துவிட்டுத் திருக்குற்றாலநாதர் கோயில் வாசலில் சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாலிச் செயின் தவிர மற்ற நகை வீட்டில் இருக்கட்டும். செயினையும் உள்ளே விட்டு ஊக்குப் போடுங்கள். துப்பட்டா, சேலைத் தலைப்பு இரண்டையும் இறுக்கிச் செருகாவிட்டால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மெயினில் மேலிருந்து வருகிற தண்ணீர் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து நம் மேல் விழுகிறது. தணிந்த பிறகும் அதன் அடி பலம். உச்சந்தலையை நேராகக் கொடுக்காதீர்கள். இரண்டு கையையும் தலைமேல் கோத்துக்கொண்டு, தோளிலும் முதுகிலும் விழ விடுங்கள். ஐந்து நிமிஷம் நின்று, வெளியே வந்து மூச்சு வாங்கி, மறுபடி போகலாம். காது வலிக்கிறவர்கள் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றுக்கும் அருவியில் தடை உண்டு. எண்ணெய்க் குளியல் வேண்டுமானால் வீட்டில் ஆளுக்கு ஐம்பது மில்லி நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தேய்த்து, அரை மணி ஊறி, சீயக்காய் போட்டு அலசிவிட்டு, அதன் பிறகு அருவிக்குப் போங்கள்.

ஒரு விஷயத்தில் விளையாட வேண்டாம். மெயினில் அருவியை ஒட்டி இருக்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அதற்கு முன்பே நம் கண்ணுக்குச் சில அடையாளம் தெரியும். தெளிவாக விழுந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகும், சருகும் குச்சியும் சேர்ந்து வரும், சத்தம் கனக்கும். ஊரில் மழையே இல்லாமல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் மலை மேல் கொட்டிய மழை கீழே வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் அப்படி வந்த திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனது. நிறம் மாறினால் போலீஸ் விசிலுக்குக் காத்திருக்காமல் வெளியேறிவிடுங்கள். பழைய குற்றாலத்துக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள். செண்பகாதேவி, தேனருவி இரண்டும் காட்டுக்குள் இருக்கிற அருவிகள். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பாதையில் ஏறக் கூடாது.

குளித்து வந்த பசிக்கு வீட்டிலேயே உளுந்தஞ்சோறு வைத்தால் அதற்கு ஈடு குற்றாலத்தில் எந்த ஓட்டலிலும் கிடைக்காது. அடுப்பு உள்ள வீடு எடுப்பதற்கு அது ஒன்றே காரணம் போதும். இருவருக்கு ஒரு டம்ளர் புழுங்கல் அரிசி, அரை டம்ளர் தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்து, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், அரை மூடித் தேங்காய்த் துருவல். உளுந்தை வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, எல்லாவற்றையும் குக்கரில் போட்டு, நாலரை டம்ளர் தண்ணீர் விட்டு நாலு விசில். தண்ணீரைக் குறைத்தால் திறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பத்து நிமிஷத்தில் உளுந்து மிச்ச ஈரத்தையும் இழுத்துக் கட்டியாகிவிடும். எள்ளுத் துவையல், மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். வாடகை வீட்டுக் குக்கரின் கேஸ்கட்டை நம்பாதீர்கள், உங்கள் குக்கரையே கொண்டு போங்கள்.

சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அருவிப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். அந்த நேரத்துக்குச் சரியான இடம் சித்திர சபை. நடராஜருக்குரிய ஐந்து சபைகளில் இரண்டு நம் சீமையில் இருக்கின்றன: நெல்லையில் தாமிர சபை, குற்றாலத்தில் இது. இங்கே சிலைக்குப் பதிலாகச் சுவரில் எழுதிய ஓவியமாகவே நடராஜர் இருக்கிறார். அருவிக் கூட்டத்தில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வருவதே இல்லை. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சாயங்காலம் திறந்ததும் போய், வெளிச்சம் இருக்கும்போதே சுவர்களைப் பார்த்துவிட வேண்டும். ஞாயிறு காலைக்கு இலஞ்சிக் குமாரர் கோயில், வயல் ஓரமாக நடை. ஆடி மாதமானால் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தியும் சேர்த்துக்கொள்ளலாம். வயல்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள், செடி மிதிபட்டால் நஷ்டம் அவருக்கு. ஐந்தருவி ரோட்டுப் படகுக் குழாம் சுமார்தான், வார நாளில் போனால் போதும்.

பிரானூர் பார்டர் பரோட்டாவுக்கு வருவோம். 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை நம்மோடு சேரும்வரை திருவிதாங்கூர் எல்லை அங்கேதான் இருந்தது. ரஹமத் கடை பேர் வாங்கியது சும்மா இல்லை. பரோட்டா சிறியது, மெத்தென்று இருக்கும். இருவருக்கு எட்டு, கூட ஒரு மிளகுக் கோழி, ஒரு காடை சொன்னால் வயிறு நிறையும். சனி ராத்திரி எட்டு மணிக்குப் போனால் இலைக்காகச் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கே போய்விடுங்கள். சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மொத்தமாக ஊற்றிவிட்டால் கடைசி இரண்டு பரோட்டா ஊறிக் கூழாகிவிடும்.

திரும்பும் வழியில் பழக்கடை. மங்குஸ்தானை வாங்குமுன் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஓடு லேசாக அமுங்கினால் நல்லது, கல் மாதிரி இருந்தால் பழசு, உள்ளே கெட்டிருக்கும். மேலே மஞ்சள் பால் கறை இருந்தால் சுளையும் கசக்கலாம். அடியில் பூப்போல ஒரு தடம் இருக்கும்; அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடுதலான பழத்தில் சுளைகள் சிறிது, கொட்டை அனேகமாக இருக்காது. ரம்புட்டானில் முடி கறுத்து ஒடிகிறதென்றால் தொடாதீர்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வண்டிகள் எல்லாம் தென்காசி ரோட்டில் ஊர் திரும்பிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எதிர்த்திசையில் ஐந்தருவிக்குக் கிளம்பலாம். வீட்டைத் திங்கட்கிழமை காலிசெய்வதாக வைத்துக்கொண்டால் அன்று காலை மெயினில் இன்னொரு குளியலும் கிடைக்கும். அட்வான்ஸைத் திரும்ப வாங்குமுன் ஓனர் பாத்திரம் எண்ணுவார். வந்த அன்றே அலமாரியைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி வைத்திருந்தால் அந்த வேலை ரெண்டு நிமிஷத்தில் முடியும். ஈரத் துணிக்கு என்று தனியாக ஒரு பிளாஸ்டிக் சாக்கு எடுத்துப் போங்கள்.