உண்ணிக்கு பிரவெக்டோ மாத்திரை: மதுரை வீடுகளுக்கு ஒத்துவருமா?

மதுரையில் நாய் வளர்ப்பவர்கள் உண்ணிக்கென்று வாங்கும் பவுடர், சோப்பு, ஸ்ப்ரே, கழுத்துப்பட்டை ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால் பிரவெக்டோ மாத்திரை விலை கூடியதுதான். ஆனாலும் வீட்டுக்குள் வந்து படுக்கும் நாய்க்கு அந்த விலை தகும் என்பதே, விளாங்குடியில் எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு அதைக் கொடுத்துவரும் எனது கருத்து. ஒரு நிபந்தனையையும் கூடவே சொல்லிவிட வேண்டும்: இது நாயின் உடம்பில் ஏறிக் கடிக்கும் உண்ணியைத்தான் கொல்லும், சுவரிடுக்கில் இருக்கும் உண்ணியை ஒன்றும் செய்யாது.

இந்த மாத்திரையில் உள்ள மருந்தின் பெயர் ஃப்ளூரலானர். நாய் மென்று விழுங்கியதும் அது இரத்தத்தில் கலக்கிறது. உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ கடித்து உறிஞ்சும்போது அதன் நரம்புகளைத் தாக்கிக் கொல்கிறது. ஒரு மாத்திரைக்கு 12 வாரம் வரை பலன் உண்டு. இதே வகையைச் சேர்ந்த நெக்ஸ்கார்ட் மாத்திரையை மாதம் ஒருமுறை கொடுக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் தோலில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் மாதக்கணக்குதான். அதோடு, விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. சித்திரை வெயிலில் நாயைத் தண்ணீர் படாமல் வைத்திருப்பது நம் ஊரில் எவ்வளவு சிரமம் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தில் அந்தத் தொல்லை இல்லை.

அளவு நாயின் எடையைப் பொறுத்தது. 4.5 முதல் 10 கிலோ வரை 250 மில்லிகிராம், 10 முதல் 20 வரை 500, 20 முதல் 40 வரை 1,000 என்று அட்டை பிரிக்கப்பட்டிருக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான நாய்கள் 20 கிலோ எல்லையை ஒட்டியே நிற்பதால், கண்ணால் பார்த்து மதிப்பிட்டு வாங்கக் கூடாது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, பிறகு தனியாக நின்று கழித்துக்கொண்டால் போதும். பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்து இரண்டு சிறிய நாய்களுக்குக் கொடுக்கும் சிக்கனம் இங்கே பரவலாக உண்டு. மாத்திரையை உடைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே அறிவுறுத்தியிருப்பதால் அதை விட்டுவிடுவது நல்லது.

மாத்திரை பழுப்பு நிறத்தில் வட்டமாக இருக்கும். சுவைக்காகப் பன்றி ஈரல் சேர்க்கப்பட்டிருப்பதை, அதைக் கையால் தொடத் தயங்கும் குடும்பத்தினர் முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம். பெரும்பாலான நாய்கள் தாமாகவே தின்றுவிடும் என்கிறார்கள். எங்கள் நாய் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோழிக்குழம்பில் பிசைந்த சோற்று உருண்டைக்குள் வைத்தபோது மறுபேச்சில்லாமல் விழுங்கியது. வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது என்பதால், சாப்பாட்டு நேரத்தில் கொடுப்பதே முறை.

கொடுத்த மறுநாளிலிருந்து மாற்றம் தெரிந்தது. காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் ஆமணக்கு விதை போல உப்பிக் கிடந்த உண்ணிகள், கால்கள் மடங்கிச் சுருங்கி, விரல் பட்டதும் உதிர்ந்தன. அதற்குப் பிறகும் ஊர்ந்துகொண்டிருக்கும் புது உண்ணிகள் தென்படத்தான் செய்யும். மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் சலித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். இது உண்ணியை அண்டவிடாமல் விரட்டும் மருந்தன்று. கடித்த பிறகே கொல்லும். எர்லிச்சியா என்னும் உண்ணிக் காய்ச்சல் கிருமி, உண்ணி கடிக்கத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே நாயின் இரத்தத்துக்குள் இறங்கிவிடக் கூடியது. ஆகவே மாத்திரை கொடுத்திருந்தாலும் மாலையில் ஒருமுறை காது, கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. நாய் சாப்பிடாமல் காய்ச்சலோடு சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இனி வீட்டு விஷயம். நம் பக்கம் நாய்களில் அதிகமாகக் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி, வயல்வெளியை நம்பி வாழ்வதல்ல. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியே அதன் பிழைப்பு நடக்கிறது. இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, ஊர்ந்து போய், சுவர் வெடிப்பிலோ கதவு நிலையின் சந்திலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி இரத்தமே கிடைக்காமல் பல மாதம் உயிரோடிருக்கும். பூசாத செங்கல் சுற்றுச்சுவரும் ஓட்டுச்சாய்ப்பும் உள்ள நம் வீடுகளில் அதற்கு இடத்துக்கா பஞ்சம்? வெடிப்புகளைச் சிமெண்டால் பூசி அடைத்து, நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டு, தேவையானால் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைச் சொல்லும் அளவில் கலந்து, நாயை அப்புறப்படுத்திவிட்டுச் சுவரிலும் தரையிலும் அடித்து, ஈரம் உலர்ந்த பிறகே நாயை உள்ளே விட வேண்டும். இதைச் செய்யாமல் மாத்திரையை மட்டும் நம்பினால் நாய் தப்பித்தாலும் சுவரில் உண்ணி ஏறுவது எளிதில் ஓயாது. தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் நாயின் படுக்கையிலேயே கிடப்பதால், சாக்கை அலசுவது அதற்கும் சேர்த்துத்தான்.

தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் பூசுவதும் மண்ணெண்ணெய் துடைப்பதும் இன்னும் சிலர் கைவிடாத வழக்கங்கள். இரண்டும் நாய் நக்கி உள்ளே போனால் விஷமாகும். செலவு மிச்சம் என்று இவற்றை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பக்கவிளைவாகச் சில நாய்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். எங்கள் நாய்க்கு அப்படி எதுவும் வரவில்லை. பெரிய எச்சரிக்கை வேறொன்று. இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு உடல் நடுக்கமும் வலிப்பும் ஏற்படக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் அறிவித்தது. முன்பே வலிப்பு வந்திருக்கும் நாய் என்றால், மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் கடையில் நேராக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

விலையை மூன்று மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால், ஒரே நாய் உள்ள வீட்டுக்கு அது தாங்கக்கூடிய செலவுதான். சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கத்துத் தோப்புகளில் நாலைந்து நாய்களைக் காவலுக்கு வைத்திருப்பவர்களுக்கு அத்தனைக்கும் வாங்கிக் கட்டுப்படியாகாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டு மலிவான வெளிப்பூச்சு மருந்தையும் கொட்டில் சுத்தத்தையும் முதலில் பார்க்கலாம். எட்டு வாரம் நிறையாத குட்டிக்கும் இரண்டு கிலோவுக்குக் குறைந்த நாய்க்கும் இந்த மாத்திரை கூடாது. அவற்றுக்குத் தெள்ளுப்பூச்சியை நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி எடுப்பதும், உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, கையால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுவதும் எளிய வழி.