78 சுற்றும் பிளேயர்: ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் யூஎஸ்பி

இந்த இசைத்தட்டு பிளேயரைப் பற்றிப் பேசாத யூடியூப்காரர் இல்லை. ஆனால் எல்லாரும் பளபளக்கும் புது வினைல் தட்டை வைத்துத்தான் பேசுகிறார்கள். நான் வாங்கியது 78க்காக, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய அரக்குத் தட்டுகளுக்காக. ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் வீட்டைக் காலி செய்தபோது ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் என் மைத்துனர் கைக்கு வந்தன. "பாட்டுப் பைத்தியம் நீங்கதானே மாப்ளே, வச்சுக்குங்க" என்று பெட்டியை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டார். கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து சேர்ந்ததில் உடைந்தவை போக, மீதியில் பாதி வெள்ளைக்காரர்களின் நடன இசை. மறுபாதி நாகசுரம், நாடகப் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு.

78 சுற்றும் புது பிளேயர் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. ஒலி நன்றாக இருக்கிறது என்று பேர் வாங்கிய பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் 33, 45 என்ற இரண்டு வேகங்கள்தான். ரேகா பிளானார் 1இல் அந்த இரண்டுக்கு நடுவே மாறுவதற்கே தட்டைத் தாங்கிச் சுற்றும் பிளாட்டரைத் தூக்கி பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். சூட்கேஸ் மாடல்களில் 78 உண்டு, ஆனால் அந்த ஊசிக்கு அடியில் என் தட்டை வைக்க எனக்கு மனசு வரவில்லை. எல்பி120எக்ஸில் 33, 45 இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் 78. வேலை முடிந்தது.

பார்க்க டெக்னிக்ஸ் எஸ்எல்-1200இன் தம்பி மாதிரி இருக்கும். அந்த மாடல் 1972இல் வந்தது. அதன் ஜாடையை இவர்கள் மறைக்கவும் இல்லை. மோட்டாரே நேராக பிளாட்டரைச் சுற்றுவதால் பெல்ட் தளர்ந்துபோகும் கவலை இல்லை. பக்கம் முடிந்ததும் ஊசியைத் தாங்கும் கை தானாக எழுந்து வராது, நாம்தான் தூக்கி வைக்க வேண்டும். பத்து அங்குல 78இல் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும் என்பதால் எப்படியும் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்போம்.

இனி ஊசி விஷயம். பிளேயரோடு வருவது விஎம்95இ, பச்சை நிற ஊசி. அது 33இல் சுற்றும் வினைல் தட்டான எல்பிக்கு உரியது. எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான் என்றால், 78இன் பள்ளத்துக்கு 75 மைக்ரான் வேண்டும், அதாவது நாலு மடங்கு. சின்ன ஊசியை அதில் விட்டால் பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடந்து தூசியைத்தான் பாடும். ஊசியைச் சொருகும் இதே கார்ட்ரிட்ஜ் உடம்பில் விஎம்95எஸ்பி என்ற 78 ஊசி பொருந்துகிறது. முன்பக்கம் இழுத்துக் கழற்றி அடுத்ததைச் சொருகினால் போதும். ஆனால் பச்சை ஊசிக்கு 2 கிராம் அழுத்தம் போதும், இதற்கு 5 கிராம் வேண்டும். கையின் பின்னால் இருக்கும் எடையில் எண்கள் 4 கிராமோடு நின்றுவிடுகின்றன. இங்கே எனக்குத் தொழில் கைகொடுத்தது. கொலுசுப் பட்டறையில் மில்லிகிராம் காட்டும் பாக்கெட் தராசு இல்லாமலா இருக்கும்? நீங்களும் வாங்கலாம், விலை பெரிதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது. தராசின் மேல்தகடு இரும்பாக இருந்தால் காந்தம் அதை இழுத்து எடையைத் தப்பாகக் காட்டும். தடித்த அட்டைத் துண்டுகளை மேலே அடுக்கி, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, அதன் மேல் ஊசியை இறக்கினால் சரியாக வரும். பிளாட்டரின் மேல் இருக்கும் விரிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தராசை வைத்தால் உயரமும் ஓரளவுக்குத் தட்டின் மட்டத்துக்கு வந்துவிடும்.

சுத்தம் செய்வதில்தான் பலர் தட்டைக் கொல்கிறார்கள். வினைல் தட்டுக்கு ஆல்கஹால் கலந்த திரவம் கடையில் விற்கிறது. 78க்கு அதைக் காட்டவே கூடாது. இந்தத் தட்டுகள் அரக்கு. நகை வேலையில் பொருளை அசையாமல் பிடித்துவைக்கும் அதே அரக்கோடு கல்தூள், கரி எல்லாம் கலந்து அழுத்தியது. சூட்டில் இளகும், ஸ்பிரிட்டில் கரையும். ஆசாரியைக் கேட்டால் சொல்வார். டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பிரஷ், அவ்வளவுதான். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் தட்டுகளில் ஏற்காட்டு ஈரத்தில் பூத்த வெள்ளைப் பூஞ்சை முழுக்கப் போய்விட்டது. இரும்பு ஊசி உழுத தடம் மட்டும் போகாது. பழைய கிராமபோனில் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று மாற்றச் சொன்னதே அந்தக் கல்தூள் ஊசியைத் தேய்க்கும் என்பதால்தான். சிக்கனம் பார்த்த வீட்டுத் தட்டுகள் பாடும்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒலிக்கு வருகிறேன். 78 எல்லாம் மோனோ. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் பள்ளத்தின் மேல்கீழ் ஆட்டத்தையும் சேர்த்தே படிக்கும், அதில் இருப்பது வெறும் இரைச்சல். என் ஆம்ப் அப்பா காலத்து உள்நாட்டுச் சரக்கு. அதில் மோனோ பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தியதும் சரசரப்பில் நல்ல பங்கு அப்படியே அடங்கிவிட்டது. அப்புறம் டிரெபிளைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். பிளேயருக்கு உள்ளேயே இருக்கும் ஃபோனோ பகுதி, அதாவது ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி, ஆர்ஐஏஏ என்ற பொதுவான ஒலிச் சமன் கணக்குப்படி வேலை செய்வது. அந்தக் கணக்கு 1954இல் வந்தது. 10 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபெல் குறைத்துவிடும். அதற்கு முந்தைய தட்டுகளை அந்த அளவுக்கு உச்ச ஒலியை ஏற்றிப் பதியவில்லை. அதனால் ஏற்றாமல் கேட்டால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வரும்.

இதெல்லாம் செய்தபின் நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் போட்டேன். மின்சாரப் பதிவுதான், ஒரே மைக், மேல் சுரங்கள் ஓர் அளவுக்கு மேல் விரியாது. ஆனாலும் நாகசுரத்துக்கு என்று ஒரு கனம் உண்டே, ஊதும் சீவாளியின் கரகரப்போடு நெஞ்சுக்கு நேராக வருவது, அது இருக்கிறது. கைப்பேசியில் இதே பதிவு கிடைக்கிறது. இரைச்சலை அழிக்கிறேன் என்று யாரோ சீவாளியையும் சேர்த்து அழித்து வைத்திருக்கிறார்கள். நான் சரசரப்போடு கேட்கவே விரும்புகிறேன். பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் பதிந்தவை அல்ல; சுருதி இடறினால் பக்கத்தில் இருக்கும் பிட்ச் தள்ளியை நகர்த்தி நாமே சேர்த்துக்கொள்ளலாம். நடன இசைத் தட்டுகளில் டிரம்பெட் அறையையே நிரப்புகிறது. எனக்குத்தான் அது அரைமணிக்கு மேல் தாங்கவில்லை.

எல்பி பற்றிச் சுருக்கமாக: 80களின் எக்கோ கம்பெனித் தட்டுகள் பச்சை ஊசியில் நன்றாகவே பாடுகின்றன. பேஸ் கிடார் தெளிவு, குரல் நடுவில் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஃபோனோ பகுதி போதும் ரகம். பின்னாளில் தனி ஃபோனோ பெட்டி வாங்கினால் பின்புறச் சுவிட்சைத் தள்ளி இதை விலக்கிவிடலாம். இந்த விலையில் பிசுறில்லாத பிளேயர்தான். முப்பதாயிரத்தைத் தாண்டும் என்பதால் அவசரப்படாமல் நாலு இடத்தில் விசாரித்து வாங்குங்கள்.

கடையில் சிலர் இதோடு வெள்ளிக் கேபிளைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வெள்ளி விற்றுச் சாப்பிடுகிறவன் சொல்கிறேன், வேண்டாம். செம்பைவிட வெள்ளி மின்சாரத்தைக் கடத்துவது ஆறு சதவீதம் போல அதிகம், உண்மை. ஒரு மீட்டர் கம்பியில் அந்த ஆறு சதவீதத்தை எந்தக் காதும் பிடிக்காது. அந்தக் காசை 78 ஊசிக்குக் கொடுங்கள். வெள்ளி வேண்டுமென்றால் கொலுசாக வாங்குங்கள், வீட்டம்மாவாவது பிளேயரைத் திட்ட மாட்டார்.

யூஎஸ்பி கம்பியை லேப்டாப்பில் சொருகி ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதியலாம். அம்மா கேட்பது இப்படிப் பதிந்த பென் டிரைவைத்தான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப அவரால் முடியாது. ஆலாபனை பாதியில் வெட்டுப்படும் இடத்தில் இரண்டு பக்கங்களையும் ஒட்டிக் கொடுத்தேன், அதற்கும் ஒரு குறை சொன்னார், இடைவெளி இல்லாமல் மூச்சு முட்டுகிறதாம்.

வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: விஎம்95எஸ்பி ஊசி கையிருப்பில் இருக்கிறதா, இல்லை வரவழைக்க வேண்டுமா? பிளேயர் உடனே வந்துவிடும், ஊசி பின்னால் வரும். அதுவரை பச்சை ஊசியை 78இன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.