எஃப் 2-க்கு மேல் வீடு: நான்கு வருட அனுபவம்

சென்னை பாலவாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்டில் டி 1 என்ற வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஆறு மாதமாக ஆள் அமையாததால் போன வாரம் 5 லட்சம் குறைத்துவிட்டார்கள். கல்லூரி நண்பன் ஒருவன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பில்டிங்தானே, வாங்கலாமாடா?" என்று கேட்டிருந்தான். அடுத்த வரியிலேயே இன்னொரு கேள்வி: "ஆமா, அந்த எஃப் 2-ல ஒரு நாளைக்கு எவ்வளவு வாங்குறாங்க?" போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

கடற்கரை நடக்கிற தூரம், கீழே கார் பார்க்கிங், மூன்று மாடி, ஒன்பது வீடு, லிஃப்ட் உண்டு. இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. கோடையில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதும், எஃப் 2 நாள் வாடகைக்கு ஓடுகிறது என்பதும் அதில் இல்லை. கொரோனா அடங்கிய பிறகு 2021-ல் தொடங்கியது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். இங்கே ஒரு பையன் இதுபோல ஏழெட்டு வீடுகளைப் போனிலேயே மேய்க்கிறான். நான் இருப்பது எஸ் 2. எஃப் 2-க்கு நேர் மேலே.

பார்ட்டி, பாட்டில், சத்தம் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான்கு வருடத்தில் அப்படி இரண்டு தடவை நடந்தது, இரண்டு தடவையும் வாட்ச்மேன் போய்ச் சொன்னதும் அடங்கிவிட்டார்கள். என் பிரச்சினை அது இல்லை. என் பிரச்சினை காலிங் பெல்.

சென்னையில் பல அபார்ட்மென்ட்களில் முதல் மாடிக்கு எஃப், இரண்டாவதுக்கு எஸ், மூன்றாவதுக்கு டி என்று கதவில் போடுவது வழக்கம். எஃப் 2 என்றால் முதல் மாடியில் இரண்டாவது வீடு என்று நமக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து வருகிறவர் அதை 'ஃப்ளோர் 2' என்று படிக்கிறார். லிஃப்டில் 2-ஐ அழுத்துகிறார். இரண்டாம் மாடியில் இறங்கினால் 2 என்று முடிகிற கதவு ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் கதவு.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து ஏழு மணிக்குக் காரைக் கிளப்பி, ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தி, 350 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பாலவாக்கம் வந்து சேர நள்ளிரவு 1.30 ஆகிவிடும். போனில் நான்கு இலக்க எண் ஒன்று வந்திருக்கும். சாவிப் பெட்டியைத் திறக்கிற எண் அது. எங்கள் கதவில் சாவிப் பெட்டி கிடையாது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன்: ஒரு கையில் டிராலி, தோளில் தூங்குகிற குழந்தை, இன்னொரு கையால் எங்கள் வீட்டு மாவிலைத் தோரணத்துக்குப் பின்னால் துழாவிக்கொண்டிருந்தார் ஒருவர். அப்புறம் குனிந்து மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம்தான் பெல்.

எங்கள் வீட்டு பெல் காயத்ரி மந்திரம் பாடும். அம்மா ஆசைப்பட்டு வாங்கியது. ஒருமுறை அழுத்தினால் பாடி முடிக்காமல் நிற்காது. பாட்டு முடிவதற்குள் அம்மா கூடத்துக்கு வந்துவிடுவாள். 76 வயது. "யாருக்கு என்னடா ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் குடும்பத்தில் இந்த நேரத்தில் பெல் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாத்தா போன சேதியும் பெரியப்பா போன சேதியும் அப்படித்தான் வந்தன. கீழ் வீட்டுக்கு விருந்தாளி, மாடி மாறி வந்துவிட்டார்கள் என்று சொல்லித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாலும் விடியும் வரை அவள் தூங்குவதில்லை. வந்தவர்களோ 'சாரி அங்கிள்' என்று சொல்லிவிட்டுப் போய் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள். அவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்த முகங்கள்.

'இது எஃப் 2 இல்லை, ஒரு மாடி கீழே' என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வராந்தா விளக்கு சென்சார் வைத்தது. ஆள் வந்து நின்று, அது எரிந்து, அவர் படிப்பதற்குள் விரல் பெல்லில் இருக்கும். விளம்பரத்தில் 'முதல் மாடி' என்று ஒரே ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லி அந்தப் பையனிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. "பண்ணிடலாம் சார்" என்பான். நான்கு வருடமாகப் பண்ணிக்கொண்டே இருக்கிறான்.

மற்றவையும் உண்டு. போன வாரம் லிஃப்ட் கதவு மூடாமல் நின்றுவிட்டது. வந்த மெக்கானிக் கதவு ஓடுகிற பள்ளத்திலிருந்து ஒரு பிடி கடல் மணலை வழித்து எடுத்துக் காகிதத்தில் கொட்டிக் காட்டினார். பில்லை ஒன்பதாகப் பிரித்தார்கள். கோடையில் வாங்கும் லாரித் தண்ணீருக்கும் இதே கணக்குதான்: கடலில் குளித்துவிட்டு வந்து ஆறு பேர் மறுபடி குளிக்கிற வீட்டுக்கும், அம்மாவும் நானும் என் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டுக்கும் ஒரே பங்கு. வீடுகளுக்கென்று அரசு கொடுக்கும் இலவச மின்சாரமும் எஃப் 2 கணக்கில்தான் கழிகிறது. திங்கட்கிழமை மொட்டை மாடிக்குப் போனால் கொடி முழுக்க வெள்ளை பெட்ஷீட். வடாம் போட இடமில்லை என்று என் மனைவி புதன்கிழமைக்கு மாறிவிட்டாள்.

"இது ஹோம்ஸ்டே சார்" என்பது அந்தப் பையனின் வாதம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். இங்கே உள்ளே குடியிருப்பது ஏசி ரிமோட் மட்டும்தான். ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் தங்கினார்கள். வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கிற படிவம் கொடுத்தாயா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் தெரிந்துவிட்டது. வாட்ச்மேன் நோட்டில் பெயர், ஊர் எதுவும் இருக்காது, 'எஃப் 2 கெஸ்ட்' என்று மட்டும் இருக்கும். சிங்கப்பூரில் இருக்கிற என் மச்சினன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். அங்கே தனியார் அடுக்குமாடி வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடவே கூடாதாம், அரசு வீடு என்றால் ஆறு மாதம்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பது வீட்டில் ஒன்றாம் தேதியே மெயின்டனன்ஸ் கட்டுகிற ஒரே ஆள் எஃப் 2-காரர்தான். மோட்டார் எரிந்தபோது முதலில் பணம் அனுப்பியவரும் அவர்தான். எஃப் 2-ஐக் கண்டித்து மீட்டிங்கில் மேசையைத் தட்டிய ஒருவர் ஏழு மாதம் பாக்கி வைத்திருக்கிறார். வருகிறவர்களும் முக்கால்வாசி குடும்பங்கள். போன வருடம் ஓசூரிலிருந்து ஒரு பெண் நீட் எழுத அப்பாவோடு வந்து, வழக்கம்போல எங்கள் பெல்லை அடித்தாள். தூக்கம் போன அம்மா விடியற்காலையில் இட்லி ஊற்றிக் கீழே கொடுத்தனுப்பினாள். அந்தப் பெண்ணுக்கு சீட் கிடைத்ததா என்று இன்னும் என்னிடம் கேட்கிறாள், எனக்கெப்படித் தெரியும்? ஒரு வெள்ளிக்கிழமை யாரும் வராவிட்டால், "இந்த வாரம் ஒருத்தரையும் காணோமே" என்பதும் அவள்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: வார இறுதியில் ஒரு இரவுக்கு 4,500. செயலியில் நானே பார்த்தேன். ஒரு நாள் பெல் அடித்துத் தூக்கம் போன பிறகு, எட்டு இரவுக்கு 36,000, மாத வாடகைக்கு விட்டால் 28,000 என்று காலண்டர் பின்பக்கத்தில் கணக்கும் போட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள். காலண்டரைத் திருப்பி மாட்டிவிட்டேன்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நல்ல கட்டடம், நல்ல காற்று, குறைந்த விலை. டி 1 மூன்றாம் மாடி, அங்கே யாரும் தப்பாக வரப்போவதில்லை. நேற்று கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேன். நேற்று இரவு 2.10-க்கு பெல் அடித்தது. வாங்காதே.

குடியிருக்க வருகிறாய் என்றால் மட்டும் பேச்சு வேறு. நாள் வாடகை கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தோம், நான்குக்கு நான்கு என்று நிற்கிறது. டி 1 ஓட்டு காலியாகக் கிடக்கிறது. ஆனால் உன் இரண்டாவது கேள்வியைப் பார்த்தால் அந்த ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

வீடு பார்க்க வந்தால் கீழே நின்று போன் பண்ணு. பெல்லை அழுத்தாதே, இன்று காலையில் ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.