மேலே பளபளப்பு, உள்ளே ஊறிய பலகை: டேங்க் மூடியை ரிப்பேருக்குக் கொடுத்து ஏமாந்தேன்

கொஞ்சம் பழைய ஃபைபர் படகு வைத்திருக்கிறீர்களா? டெக்கில், அதாவது மேல்தளத்தில், ஏதாவது ஒரு மூடியை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் படகில் பெட்ரோல் டேங்குக்கு மேலே, டெக்கோடு டெக்காக ஒரு மூடி உண்டு. நாலடிக்கு இரண்டடி இருக்கும். சுற்றிலும் ஸ்க்ரூ. ஓரத்தில் கால் வைத்தால் லேசாக அமுங்க ஆரம்பித்தது. பார்வைக்கு முழு ஃபைபர் போலத் தெரிந்தாலும், மேலும் கீழும் ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட், அவ்வளவுதான். ஸ்க்ரூ ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. பலகை அங்கேயே ஊறி மக்கும்.

படகு வேலை பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். நாணயத்தால் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் 'டங்' என்றது, ஓரத்தில் 'தொப்'. "உள்ள பலகை போயிருச்சு சார். பிரிச்சுப் புதுசு வச்சுத் தர்றேன்" என்றார். சரியான வைத்தியம் அதுதான். அதனாலேயே சந்தேகம் வராமல் முழுப் பணத்தையும் அப்போதே கொடுத்துவிட்டேன்.

பத்து நாளில் மூடி திரும்பி வந்தது. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஆனால் தூக்கும்போது கை இழுத்தது. ஏன் இவ்வளவு கனம் என்று கேட்டதற்கு, "ரெண்டு லேயர் கூடுதலா போட்டிருக்கேன் சார், யானை நின்னாலும் தாங்கும்" என்றார். நான் கோட்டை விட்டது அங்கேதான். ஊறிய பலகையை எடுத்துவிட்டுக் காய்ந்த பலகை வைத்தால் மூடி இலேசாகத்தானே ஆக வேண்டும்?

மூன்றாவது முறை படகை எடுத்தபோதே ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். சரி, கழற்றிப் பார்ப்போம் என்று ஸ்க்ரூவைத் திருப்பினேன். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. பழையது 25 மி.மீ. இவர் போட்டிருந்தது 50. மக்கிய மரத்தில் சின்ன ஸ்க்ரூ பிடிக்கவில்லை, அதனால் நீளமாகப் போட்டு இறுக்கியிருக்கிறார். ஒரு முனை அலுமினிய டேங்கின் மேல் கீறல் போட்டிருந்தது, நகம் வைத்தால் தட்டுப்படுகிற ஆழத்துக்கு. இன்னும் இரண்டு சுற்று இறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் படகின் அடியில் போய்த் தங்கும். அப்புறம் ஒரு பொறி போதும். பலகை விஷயத்தை மன்னித்தாலும் இதை மன்னிக்க முடியவில்லை.

மூடியைப் படகிலிருந்து தூரமாகக் கொண்டுபோய், கீழ்ப்பக்கத் தோலை வெட்டித் திறந்தேன். அதே பழைய பலகை. கறுத்து, கையில் பிசைந்தால் தண்ணீர் சொட்டுகிறது. மேலிருந்து ஓட்டை போட்டு ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றி, மேலே காருக்குப் பூசும் பட்டியைத் தடவி, பெயின்ட் அடித்திருக்கிறார். ஈர மரத்துக்குள் ரெசின் இறங்காது. கார் பட்டியோ தானே ஈரம் குடிக்கும். பூசி மெழுகுவது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். போன் செய்தால், "தண்ணியில கிடக்கிற பொருள் சார், நனையத்தான் செய்யும்" என்றார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

வேலையை நானே செய்தேன். மக்கியதை உளியால் சுரண்டி எடுத்து, மேல் தோலை நன்றாகக் காயவிட்டேன். படகுக்கான பிளைவுட்டை வெட்டி, கெட்டியாகக் குழைத்த எப்பாக்சியில் (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) பதித்து, மேலே பாரம் வைத்தேன். பிறகு கீழ்ப்பக்கம் கண்ணாடி இழைத் துணி. சீக்கிரம் இறுகட்டும் என்று எப்பாக்சியில் ஹார்டனரைக் கூட்டிவிடாதீர்கள், கடைசிவரை பிசுபிசுவென்றே நிற்கும்.

அதிக நேரம் பிடித்தது ஸ்க்ரூ ஓட்டைகள்தான். ஒவ்வொன்றையும் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே சின்ன ஓட்டை போட வேண்டும். இப்போது ஸ்க்ரூ மரத்தைத் தொடவே தொடாது, தண்ணீருக்கும் வழி கிடையாது. முதலில் படகைக் கட்டியவர்களே இதைச் செய்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. ஓரத்து இடுக்கை அடைக்க அவர் சிலிக்கான் வைத்திருந்தார். அதன் மிச்சம் இருக்கும் இடத்தில் எதுவும் ஒட்டாது, தேய்த்து எடுக்கவே ஒரு நாள் போனது. நான் பாலிசல்ஃபைடு வைத்தேன், அதுவும் ரப்பர் மாதிரி இடுக்கை அடைக்கும் பசைதான். பெட்ரோலைத் தாங்கும், தேவைப்பட்டால் பிரிக்கவும் முடியும்.

வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கொடுக்கும் முன் மூடியை எடை போட்டுக்கொள்ளுங்கள். பிரித்ததும், மூடுவதற்கு முன், நேரில் போய்ப் பாருங்கள். பழைய பலகையையும் பழைய ஸ்க்ரூவையும் திருப்பிக் கேளுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

அவர் கொடுத்தபோது மூடி 17 கிலோ. இப்போது 12. டேங்கில் விழுந்த அந்தக் கீறலை ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், முகர்ந்தும் பார்க்கிறேன்.