பழைய ஸ்டேஷன் வேகனைப் புதுப்பிக்கும் புதியவருக்கு: டாடா எஸ்டேட்டா, பலேனோ ஆல்ட்டுராவா?

கூரை பின்முனை வரை நீண்டு, சாமான் பகுதியும் உள்ளறையோடு சேர்ந்திருக்கும் ஸ்டேஷன் வேகன் என்ற கார் வடிவத்தை இந்தியச் சந்தை மனதார ஏற்றுக்கொண்டதே இல்லை. அதனால், பழைய வேகன் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து, தன் விருப்பத்துக்கேற்பச் சில மாற்றங்களும் செய்து ஓட்ட விரும்பும் புதியவருக்குத் தேர்வுகள் அதிகமில்லை. 1992-ல் வந்த டாடா எஸ்டேட், 1999-ல் அறிமுகமான பலேனோ செடானை ஒட்டி மாருதி வெளியிட்ட ஆல்ட்டுரா, 2004-ல் வந்த டாடா இண்டிகோ மெரினா ஆகிய மூன்றுமே பெரும்பாலும் பேச்சில் அடிபடுகின்றன. இவற்றில் மெரினாவுக்கு இண்டிகா டாக்ஸிகளின் புண்ணியத்தில் உதிரிபாகப் பஞ்சமில்லை. அன்றாடம் ஓட்ட அது போதும். ஆனால் மாதக்கணக்கில் உழைத்து மீட்டெடுக்கும் அளவுக்கு அதில் ஈர்ப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்.

எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் பின்பாதியைப் பார்க்க வேண்டும். எந்த வேகனுக்கும் முன்பாதியில் உறவினர்கள் உண்டு. பின்பாதிக்கு யாரும் இல்லை. எஸ்டேட்டின் 1,948 சிசி டீசல் எஞ்சின் டாடாமொபைல் பிக்கப்பிலும் சியராவிலும் தொடக்ககால சுமோவிலும் ஓடியது என்பதால், கேஸ்கெட்டிலிருந்து பிஸ்டன் வரை சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் ஏதேனும் ஒரு வழி பிறக்கும். ஆல்ட்டுராவின் எஞ்சின், கியர்பாக்ஸ், முன்பக்கத் தகடுகள் ஆகியவை பலேனோ செடானிலும் உள்ளவை. ஆனால் டிக்கிக் கதவு, அதன் கண்ணாடி, பின்பக்கவாட்டுக் கண்ணாடிகள், டெயில் லைட், ரப்பர் பீடிங் ஆகியவை அந்த வேகனுக்கே உரியவை. அவற்றில் ஒன்று உடைந்திருந்தாலும், நன்றாக ஓடும் எஞ்சினை நம்பி அந்த வண்டியை வாங்கக் கூடாது. இந்த இடத்தில் ஆல்ட்டுராவுக்குச் சிறிய அனுகூலம் ஒன்று உண்டு: சுசுகி இதே உடலைப் பல நாடுகளில் பலேனோ வேகன் என்றும் அமெரிக்காவில் எஸ்டீம் வேகன் என்றும் விற்றதால், வெளிநாட்டுக் கடைகளில் தேட முடியும். நம் ஊர் மாருதி எஸ்டீம் முற்றிலும் வேறு கார் என்பதை மறந்து, பெயரை மட்டும் பார்த்துப் பாகங்களை வரவழைத்துவிடக் கூடாது. எஸ்டேட்டுக்கு அந்த வெளிவழியை நம்ப முடியாது.

கட்டமைப்பில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். எஸ்டேட், சேஸி எனும் தனி இரும்புச் சட்டகத்தின் மேல் உடல் அமர்ந்த, பின்சக்கர இயக்கம் கொண்ட வண்டி. தரைத்தகட்டில் துருவால் ஓட்டை விழுந்திருந்தாலும் சேஸி உறுதியாக இருக்கும்வரை உள்ளூர் டிங்கரிங் பட்டறையில் தகடு வெட்டி வெல்டிங் செய்து மீட்டுவிடலாம். ஆல்ட்டுராவில் உடலே சேஸி. முன்சக்கர அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் தண்டான ஸ்ட்ரட் பொருந்தும் மேடையிலோ, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியிலோ துரு புகுந்திருந்தால் அது அழகுப் பிரச்சினையன்று, பாதுகாப்புப் பிரச்சினை. அதைச் சீர்செய்ய அளவு பார்த்து வெல்டிங் செய்யும் தேர்ந்த கை வேண்டும். பட்டி போட்டு மூடிப் பெயின்ட் அடித்து விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலும் மறைந்திருப்பதும் இந்தத் துருதான். ஆகவே கடற்கரை ஊர்களில் ஓடிய ஆல்ட்டுராவை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

எஞ்சின் வேலையைக் கற்றுக்கொள்ள எஸ்டேட் நல்ல ஆசிரியர். மெக்கானிக்கல் டீசல் பம்பும், டீசலைப் பீய்ச்சும் நாஸிலும் கொண்ட அந்த எஞ்சினில் கணினி கிடையாது. பம்பை மட்டும் அதன் அளவைச் சரிசெய்யும் கேலிப்ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டு மற்றவற்றைப் பொறுமையுள்ள எவரும் கழற்றிப் பூட்டலாம். ஆனால் பாகங்கள் கனமானவை; தனி ஆளாகக் கியர்பாக்ஸை இறக்க முடியாது. டர்போ இல்லாத அந்த எஞ்சினின் திறன் 70 குதிரைத்திறனைத் தொடாது என்பதால், எல்லா உழைப்புக்கும் பிறகு கிடைப்பது நிதானமான ஓட்டமே. ஆல்ட்டுராவின் 1,590 சிசி, 16 வால்வு பெட்ரோல் எஞ்சின் 90 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. நான்கு சக்கரங்களிலும் தனித்தனி சஸ்பென்ஷன் இருப்பதால் ஓட்டுவதற்கும் இனிமையானது. சென்சார், வயரிங் கோளாறுகள் புதியவரைக் குழப்பும் என்பது உண்மைதான். ஆனாலும் டைமிங் பெல்ட், எரிபொருள் ஹோஸ், பிரேக் ஆகிய மூன்றையும் முதலில் மாற்றிவிட்டால், மற்ற வேலைகளை வாரத்துக்கு ஒன்றாக, வண்டியை ஓட்டிக்கொண்டே செய்யலாம். இது சிறிய வசதியன்று. ஓடாத வண்டி மழையில் நனைந்தபடி நிற்க நிற்க, அதைத் தொடும் ஆர்வமே போய்விடுகிறது.

மாற்றியமைப்பதில்தான் ஆசையும் சட்டமும் மோதுகின்றன. எஸ்டேட் வாங்குபவர்களில் பலருக்கு, 1998-ல் சஃபாரியில் வந்த அதே குடும்பத்து டர்போ டீசல் எஞ்சினை உள்ளே வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளர் குறித்த வடிவிலிருந்து வண்டி மாறக் கூடாது என்ற 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கும்போது, முன் அனுமதி இல்லாத எஞ்சின் மாற்றம் பதிவுச் சான்றான ஆர்.சி.யின் புதுப்பிப்பிலும் இன்ஷூரன்ஸ் கோரிக்கையிலும் காலை வாரும். ஆல்ட்டுராவில் அந்தத் தூண்டுதலே குறைவு. நல்ல டயர், புதிய ஷாக் அப்சார்பர், தரமான இருக்கைத் துணி, பின்னிருக்கையை மடித்தால் படுக்கும் அளவுக்கு ஒரு பலகைத் தளம் ஆகியவற்றிலேயே அதன் குணம் மாறிவிடும். நிறத்தை மாற்றினால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

எனவே, தரையும் ஸ்ட்ரட் மேடையும் உறுதியான ஆல்ட்டுரா கிடைத்தால் புதியவர் அதையே எடுக்கலாம் என்பது என் கருத்து. நிறுத்தி வைக்கக் கூரையும், உதவிக்கு இன்னொரு கையும், அவசரமில்லாத மனமும் உள்ளவருக்கே எஸ்டேட்டைப் பரிந்துரைப்பேன். துருப்பிடித்த ஆல்ட்டுராவா, துருப்பிடித்த எஸ்டேட்டா என்று வந்தால் மட்டும் என் விடை தலைகீழாகும்.

இரண்டில் எதை எடுத்தாலும் பேரம் பேசும்போது காகிதச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 50 ஆண்டு கடந்தால் மட்டுமே விண்டேஜ் பதிவு என்பதால் அந்தச் சலுகை இவற்றுக்கு எட்டாது. 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும்; 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆகி, 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்ந்தது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. ஆர்.சி. காலாவதியான வண்டி என்றால், அதை விற்பவரே தம் பெயரில் புதுப்பித்துத் தந்த பிறகு மீதித் தொகையைக் கொடுப்பது நல்லது.