சிங்கப்பூர் – நியூயார்க்: நேரடி விமானமா, பிராங்க்பர்ட் வழியா?

இரண்டுமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான். பிறகு எதற்குக் குழப்பம் என்றால், டிக்கெட் விலை.

தூரம்: நேரடியாகச் சுமார் 15,300 கிலோமீட்டர். பிராங்க்பர்ட் வழியாக 16,400-ஐத் தாண்டும்.

நேரம்: நேரடியில் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டி. மற்றதில் இடைநிறுத்தத்தோடு ஏறத்தாழ ஒரு முழு நாள்.

இருக்கை: விஷயமே இங்கேதான். இடையில் எரிபொருள் நிரப்பாமல் அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றே தயாரான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் மொத்தம் 161 இருக்கைகள்தான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது. பிராங்க்பர்ட் வழியில் உண்டு, அதனால் செலவும் குறையும்.

அலுப்பு: நேரடியில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மறுபடி தூங்கினாலும் ஊர் வராது. பிராங்க்பர்ட்டில் இறங்கிக் காலை நீட்டலாம். அப்புறம் தூக்கக் கலக்கத்தோடு திரும்ப ஏற வேண்டும், அது ஒரு தொல்லை.

வேலையாகப் போகிறவர்கள், வயதான பெற்றோரைத் தனியாக அனுப்புகிறவர்கள் நேரடியையே எடுக்கலாம். குடும்பமாக நாலு டிக்கெட் என்றால் பிராங்க்பர்ட்தான் சரி.