பூனைக்கு முள் விரிப்பு: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

துலுக்கச் சாமந்திக்கு மண்ணைக் கொத்திப் பதமாக்கி நாற்று நட்டால், மறுநாள் காலையில் அது வேரோடு வெளியே கிடக்கும். பக்கத்து வீட்டுப் பூனையின் வேலை. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பொலபொலவென்ற காய்ந்த மண்ணைக் கண்டால் தோண்டி, மலம் கழித்து மூடுவது பூனையின் இயல்பு. அந்துருண்டை போடச் சொன்னார்கள். அதிலுள்ள நாஃப்தலீன் பூனைக்கு விஷம், முடியாது என்றுவிட்டேன்.

அப்புறம்தான் இந்தப் பிளாஸ்டிக் முள் விரிப்பை வாங்கினேன். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன்: குறுகுறுக்கிறது, கீறவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி, தண்டுக்கு இடம் விட்டு, முள் நுனி தெரியும்படி மண்ணில் பதித்தேன். முதல் இரவே பூனை வந்தது. முன்னங்காலை வைத்தது, உடனே எடுத்து உதறியது, சுவரேறிப் போய்விட்டது.

குறையும் உண்டு. வெயிலில் ஓரங்கள் சுருண்டு எழும்புகின்றன. பழைய சைக்கிள் கம்பிகளை வளைத்து அடித்து நிறுத்தியிருக்கிறேன். களை பிடுங்குவது சிரமம். பெரிய பாத்தி என்றால் கட்டுப்படியாகாது, கோழிவலையே போதும்.

விரிப்போடு இன்னொன்றும் செய்யுங்கள். மதில் மூலையில் ஒரு அகலத் தொட்டியில் மணல் கொட்டி வைத்தேன். பூனை இப்போது நேராக அங்கேதான் போகிறது.